ஆறு வாத்து

பாடாங் செராய் கடைத்தெருவில் ஜக்கரியா பாயின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் பின்சந்து ஒன்று உண்டு. மதியக் கூட்டம் ஓய்ந்து, கடைசித் தட்டும் கழுவப் போன பிறகு, மூன்று சக்கர மோட்டாரைத் தடதடவென்று ஓட்டிக்கொண்டு இஞ்ஞாசிமுத்து அந்தச் சந்துக்குள் நுழைவார். மோட்டாரின் பக்கவாட்டில் பலகைத் தொட்டி. அந்தத் தொட்டியில் ஏறுவதற்காகச் சுவரோரம் நீலத் தோங்குகள் நின்றிருக்கும். தோங் என்றால் பீப்பாய்தான். கறிக்குழம்பில் ஊறிய சோறு, மீன் தலை, கிழிந்த ரொட்டி, வெண்டைக்காய், யாரோ பாதி தின்று வைத்த கோழிக்கால் எல்லாம் அதற்குள் கிடக்கும்.

முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவருக்கு முதுகைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூக்கும்போது தோங்கின் வாய் மார்பில் படும். சட்டையில் குழம்பு ஒட்டும். அவர் அதைத் துடைத்துக்கொள்வதில்லை.

"வாத்துத் தோங்கு ரெடியா பாய்?" என்று கேட்பார்.

"வாத்துக்கு இன்னைக்கு மீன் தலை நெறைய இருக்கு, எடுத்துட்டுப் போ முத்து" என்பார் ஜக்கரியா.

இருபது வருடமாக இதே பேச்சுத்தான். கடைக்குள் வேலை செய்கிறவர்களும் அதை வாத்துத் தோங்கு என்றே சொல்வார்கள். இஞ்ஞாசிமுத்துவின் வீட்டில் வாத்து இல்லாமல் இல்லை. ஆறு வாத்து இருந்தது. முட்டை சேர்ந்தால் ஒரு பையில் போட்டு ஜக்கரியாவின் மனைவி மும்தாஜிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். நோன்புப் பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து இவர் வீட்டுக்கு ஒரு சட்டி பிரியாணி வரும்.

ஆனால் ஆறு வாத்தா நாலு தோங்குச் சோற்றைத் தின்னும்? அந்தக் கேள்வியை இருபது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

கடைத்தெருவிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகும் செம்மண் சாலையில் பாதி வழியில் பழைய பால் ஸ்டோர் நிற்கிறது. ரப்பரெல்லாம் வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு அங்கே பால் நிறுக்க யாரும் வருவதில்லை. கூரையில் பாதி போய்விட்டது. சிமெண்டுத் தரை மட்டும் அப்படியே இருக்கிறது. இஞ்ஞாசிமுத்து அங்கே வண்டியை நிறுத்துவார். நீலத் தோங்கில் இருப்பதைக் கறுப்புத் தோங்கில் கவிழ்ப்பார். பக்கத்துக் கால்வாயில் தண்ணீர் மொண்டு, மணலும் சவர்க்காரமும் போட்டு நீலத் தோங்கைத் தேய்த்துக் கழுவி வெயிலில் குப்புறக் கவிழ்த்து வைப்பார். மறுநாள் சந்துக்கு மாற்றாகப் போவது அதுதான். சட்டையை மாற்றுவார். செருப்பை மாற்றுவார். அதற்கு மேல்தான் கறுப்புத் தோங்கோடு பட்டிக்குப் போவார். நீலத் தோங்கு அந்த ஸ்டோரைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. பட்டிச் செருப்பு ஒரு நாளும் ஜக்கரியாவின் சந்தை மிதித்ததில்லை.

பட்டி செம்பனைக்குள், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதில் பதினாலு பன்றிகள். மனைவி ஜெனவீவ் அண்டாவில் அந்தச் சோற்றைக் கொதிக்க வைத்து, ஆற்றி, தொட்டியில் ஊற்றுவாள். எஸ்டேட் கைமாறி வேலை போன நாளிலிருந்து அந்தக் குடும்பம் எழுந்து நின்றது பன்றிகளின் முதுகில்தான். மகள் சமந்தாவைப் படிக்க வைத்தது பன்றி. வீட்டுக்குத் தகரம் மாற்றியது பன்றி. கிறிஸ்துமஸுக்குப் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பன்றி வாங்கும் சீனத் தவுக்கே லாரி கொண்டுவருவான். இந்த வருடம் பெரிய பெட்டை ஒன்று வேறு சினையாக இருந்தது. ஜெனவீவ் அதற்குப் பெரியவள் என்று பேர் வைத்திருந்தாள்.

இப்படி நடந்துகொண்டிருந்ததில்தான் ஷாமளா வந்தாள்.

*

ஷாமளா பினாங்கிலிருந்து வந்தவள். இருபத்தெட்டு வயது இருக்கும். தாயார் பழைய எஸ்டேட்காரி என்பதால் தமிழ் நன்றாகப் பேசினாள். கடைகளின் மிச்சச் சோறு குப்பை மேட்டுக்குப் போய்ப் புழுங்கி நாறாமல், உரமாகித் தோட்டத்துக்குப் போய், காய்கறியாகித் திரும்பவும் கடைக்கே வரும்படி ஒரு சேவையை அமைக்கப் போகிறார்களாம். திட்டத்துக்குச் சுழற்சி என்று பெயர். கடைகடையாக ஏறி எல்லோரையும் அழைத்தாள். இஞ்ஞாசிமுத்துவைத் தேடிச் சந்துக்கே வந்துவிட்டாள்.

"அங்கிள், நீங்க கட்டாயம் வரணும். இந்த ஊர்ல மிச்சச் சோத்துக்கு ஒரு வழி பண்ணி வச்சிருக்கிற ஒரே ஆள் நீங்கதான்."

அவரை அதுவரை யாரும் எதற்கும் கட்டாயம் வரச் சொன்னதில்லை. எஸ்டேட் கங்காணியான மண்டோர் வரச் சொன்னால் ஏச்சு வாங்கத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய்க் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டார்.

"எங்க போறிங்க, கல்யாணத்துக்கா?" என்றாள் ஜெனவீவ். அண்டாவுக்கடியில் கட்டை தள்ளிக்கொண்டிருந்தாள்.

"டேவான்ல கூட்டம். என்னையக் கேட்டுத்தான் திட்டம் போடுவாங்களாம்."

"உங்களக் கேட்டு என்னாத்துக்கு லா? இருக்கிறது நல்லாத்தானே ஓடுது?"

"போயி உக்காந்துட்டு வரேன். கறிபப்பு குடுப்பாங்க."

"கறிபப்பத் தின்னுட்டு வாங்க. வாயத் தின்றதுக்கு மட்டும் தொறங்க" என்றாள்.

தாமான் டேவான் மண்டபத்தில் காற்றாடி சுழன்றும் புழுக்கம் குறையவில்லை. கடைக்காரர்கள், மார்க்கெட் ஆட்கள், கிளினிக் தாதி ஒருத்தி, பக்கத்துக் கம்போங்கின் மலாய்ப் பெண்கள் நாலைந்து பேர் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தாள் ஷாமளா. கையில் ஒரு மஞ்சள் கம்பளி நூல் பந்து. தமிழில் ஒரு தரமும் மலாயில் ஒரு தரமும் சொன்னாள்.

"யாரு யாருக்குக் குடுக்கிறிங்களோ, நூலைப் பிடிச்சுக்கிட்டே பந்தை அவங்ககிட்ட போடுங்க. ஒரு இடத்துல இழுத்தா எங்கெங்க ஆடுதுன்னு நம்ம கண்ணால பார்க்கலாம். தனித்தனியா பார்த்தா குப்பை. முழுசா பார்த்தா ஒரு உசுரு மாதிரி."

விளையாட்டு எல்லோருக்கும் பிடித்திருந்தது. மார்க்கெட்டிலிருந்து பந்து ஜக்கரியாவிடம் வந்தது. அவர் நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சிரித்தபடி பந்தை இஞ்ஞாசிமுத்துவிடம் எறிந்தார்.

"அங்கிள், உங்ககிட்டேருந்து எங்க போகுது?"

"வாத்துக்கு."

ஷாமளா ஒரு நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டாள். ஒரு தாளில் வாத்து ஒன்றை அழகாக வரைந்து அதில் ஒட்டினாள். கம்போங் பெண்கள் கைதட்டினார்கள். இஞ்ஞாசிமுத்து நூலை நாற்காலிக் காலில் கட்டினார். இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

"எத்தனை வாத்து அங்கிள்?"

"ஆறு."

"ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு எடுக்கிறிங்க?"

"நாலு தோங்கு. வெள்ளிக்கிழமைன்னா அஞ்சு."

ஷாமளா எழுதப் போனவள் நின்றாள். சைவக் கடை யோகேந்திரன் விடவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"அண்ணே, நீங்க வளக்கிறது வாத்தா யானையா?"

டேவானே சிரித்தது. யாரோ மலாயில் எடுத்துச் சொல்ல, அந்தப் பக்கமும் சிரித்தது. ஷாமளாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"உள்ள வர்றதும் வெளிய போறதும் சமமா இருக்கணும் அங்கிள். இல்லைனா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். அந்தக் கசிவத்தான் நம்ம கண்டுபிடிக்கணும்."

"கசிவென்ன கசிவு" என்றான் யோகேந்திரன். "மிச்சத்தக் கொண்டுபோயி அலூர்ல கொட்டுறாரு போல. அதான் மழைக்குத் தண்ணி ஏறுது."

மறுபடி சிரிப்பு.

இஞ்ஞாசிமுத்துவுக்கு முகம் சுட்டது. சோற்றைக் கால்வாயில் கொட்டுகிறானாம். அதுவும் ஜக்கரியா பாய் நிற்கும்போது. 'ஒரு பருக்கைய மிதிச்சாலும் எங்க வாப்பா அடிப்பாங்க முத்து, வீணாப் போகாமப் பாத்துக்க' என்று முதல் தோங்கைத் தூக்கிக் கொடுத்த மனிதர். அவர் முன்னால் இப்படி ஒரு பேச்சு. ஜக்கரியா அந்த நேரம் கண்ணைக் காட்டினார். லேசாகத் தலையையும் ஆட்டினார். இஞ்ஞாசிமுத்து அதைப் பார்த்தார். பாயும் தன்னைச் சந்தேகப்படுகிறார் என்றே அவருக்குத் தோன்றியது.

"ஒரு பருக்கை கொட்டுனது கெடையாது!" குரல் உடைந்து உயர்ந்தது. "பாய் குடுக்கிற சோத்த ஒரு நாளும் வீணாக்குனது இல்ல. பன்னி இருக்கு. பதினாலு பன்னி. எல்லாம் அதுங்கதான் தின்னுது. வேணும்னா வந்து பாருங்க!"

காற்றாடிச் சத்தம் கேட்டது.

மலாயில் யாரும் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. கிளினிக் தாதி தலையைக் குனிந்துகொண்டாள். ஷாமளா மட்டும், தேடியது கிடைத்த சந்தோஷத்தில், "ரொம்ப முக்கியமான தகவல் அங்கிள்" என்று சொல்லி இன்னொரு நாற்காலியை இழுத்தாள். அது தரையில் கிறீச்சிட்டது. அதில் ஒட்டத் தாளில் பாதி வரைந்த பிறகே சுற்றிலும் முகங்களைப் பார்த்தாள்.

ஜக்கரியா விரலில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தார். அவர் கையிலிருந்து இஞ்ஞாசிமுத்துவின் கைக்கும், அங்கிருந்து நாற்காலிக்கும் அது ஒரே நூலாக ஓடியது. அவசரப்படாமல் சுற்றைப் பிரித்தார். கீழே போடவில்லை. பக்கத்து மேசைமேல் வைத்தார். "அசர் தொழுகைக்கு நேரமாச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அசருக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது.

*

அன்று சாயங்காலத்துக்குள் படம் எல்லோருடைய கைபேசிக்கும் போய்விட்டது. ஷாமளாவின் ஆட்கள் கூட்டத்துப் படங்களை வழக்கம்போலக் குழுவில் போட்டிருந்தார்கள். மஞ்சள் நூல், இரண்டு நாற்காலி, ஒன்றில் வாத்து, ஒன்றில் பாதிப் பன்றி. படத்தை எடுத்துவிடச் சொல்லி ஷாமளாவே எழுதினாள். அதற்குள் அது வேறு குழுக்களுக்குப் போயிருந்தது.

மறுநாள் சந்தில் நீலத் தோங்கு இல்லை. கடை முன்னால் மதியக் கூட்டமும் இல்லை. ஜக்கரியாவின் தம்பி ஹசன் பின்கதவைப் பாதி திறந்து, "அண்ணன் இல்ல" என்றான். மோட்டார் வெறுமனே திரும்பியது.

சீனர் காப்பிக்கடைகளின் மிச்சத்துக்கு ஏற்கெனவே வேறு பண்ணைக்காரன் இருந்தான். யோகேந்திரன் கடையில் கேட்டதற்கு, "நான் சுழற்சியில சேந்துட்டேண்ணே, வேற யாருக்கும் குடுக்கக்கூடாதாம்" என்று தலையைச் சொறிந்தான். "சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன். நீங்க அப்படிப் பட்டுனு போட்டு ஒடைப்பிங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அடுத்த நாள் இஞ்ஞாசிமுத்து பால் ஸ்டோரில் குந்திக்கொண்டு, கழுவி வைத்த நீலத் தோங்குகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு காடி வந்து நின்றது. ஜக்கரியா இறங்கினார். யாரும் அவருக்கு இந்த இடத்தைச் சொன்னதில்லை. நேராக வந்திருந்தார்.

ஸ்டோருக்குள் வராமல் சாலையோரமே நின்றார்.

"உள்ள வாங்க பாய். வெயிலு."

"இருக்கட்டும்."

"பாய், இந்தத் தோங்கு..."

"தெரியும் முத்து. இங்கேருந்து அந்தப் பக்கம் போனது இல்லைன்னு தெரியும். செருப்பு மாத்துவ. சட்டை மாத்துவ. எல்லாம் எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"என்னய்யா தெரியுமான்னு கேக்கிற? எனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? ஆறு வாத்துக்கு நாலு தோங்கு குடுத்தவன் நான்தானே!" ஜக்கரியாவின் குரல் ஏறி, அடங்கியது. "தெரிஞ்சுதான் இருந்துச்சு. கேக்கல. கேக்காத வரைக்கும் நான் வாத்துக்குத்தான் குடுத்தேன். அல்லா முன்னாடியும் அதத்தான் சொல்லியிருப்பேன். இப்ப நீ என்னையக் கேக்க வச்சுட்ட."

"அலூர்ல கொட்டுறேன்னு சொன்னான் பாய். உங்க முன்னாடி."

"சொல்லிட்டுப் போறான்! நான் நம்புனேனா? கண்ணக் காமிச்சேனே, பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். நீங்களும் சந்தேகப்படறிங்கன்னு நெனச்சேன்."

ஜக்கரியா சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். செம்பனை மட்டைகளில் காற்று உரசியது. "ஆஸ்பத்திரி ஆளுங்க, ஸ்கூல் டீச்சருங்க, போலிசுக்காரங்க... எல்லாம் என் கடையில சாப்பிடுறவங்க. யாரும் என்னைய ஏசல. அதான் சுசா, அதான் கஷ்டம். ஏசுனா பதில் சொல்லலாம். பேசாம அடுத்த கடைக்குப் போறாங்க" என்றார்.

"நான் வந்து சொல்லட்டா? பொய் சொன்னேன்னு சொல்றேன்."

"போதும்யா. நீ பேசுனது போதும்."

இஞ்ஞாசிமுத்து நீலத் தோங்குகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காடியின் பின்னால் வைத்தார். ஜக்கரியா தொட்டுப் பிடிக்கக் கை நீட்டி, பிடிக்காமல் கையை இழுத்துக்கொண்டார். இருபது வருடத்தில் இன்றுதான் அப்படிச் செய்தார். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

*

அந்த வருடம் வெயில் கெடா மாநிலத்தையே வறுத்தது. கால்வாய் வற்றிச் சேறு வெடித்தது. ஜெனவீவ் காலையில் எழுந்து கெலாடி என்னும் சேம்பந்தண்டு அறுக்கப் போவாள். அது அரிக்கும் என்பதால் கையில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்வாள். பப்பாளி மரத்தை வெட்டி நறுக்கி வேக வைத்தாள். வாழைத் தண்டும் தீர்ந்தது. பசியில் பன்றி போடும் சத்தம் லயத்து வீடுகளுக்கே கேட்டது. பக்கத்து வீட்டுக் காளியம்மா இதுவரை ஒரு சொல் சொல்லாதவள், "அக்கா, மொதல்ல அதுங்க சத்தமே கேக்காது. இப்பத்தான் இவ்வளவு இருக்குன்னு தெரியுது" என்றாள்.

பெரியவள் குட்டி போட்டது. ஒன்பது குட்டி. மடியில் பால் இறங்கவில்லை. ஜெனவீவ் கோதுமை மாவைக் கரைத்து விரலால் தொட்டுத் தொட்டு ஊட்டினாள். நாலு பிழைத்தது.

"ஆறு வாத்துன்னு சொன்னிங்க இல்ல?" என்றாள் புருஷனிடம், மண்வெட்டியை நீட்டிக்கொண்டே. செத்த குட்டிகள் ஒரு சாக்கில் கிடந்தன. "அதோட நிறுத்தியிருக்க வேண்டியதுதானே. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. யானைன்னு சொன்னான்ல, ஆமா லா யானைதான்னு சொல்லிட்டு நீங்களும் சிரிச்சுருக்க வேண்டியதுதானே."

"மானமாப் போச்சு."

"மானம் நமக்கு இருந்துச்சு. பாய் குடுத்தது. வாத்துத் தோங்குன்னு பேரு வச்சு மூடிக் குடுத்தாரு. நீங்கதான் தொறந்து காட்டுனிங்க."

அவர் குழி தோண்டினார். மண் கல்லாக இருந்தது.

தவுக்கே கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கவில்லை. இளைத்த பன்றிகளை இளைத்த விலைக்கு ஏற்றிக்கொண்டு போனான். பெரியவளை லாரியில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. ஜெனவீவ் வீட்டுக்குள் இருந்துகொண்டு வானொலியைச் சத்தமாக வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஷாமளா வந்தாள். வெறும் பட்டியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அங்கிள், நான் இப்படி ஆகும்னு நெனைக்கல. எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தா நல்லதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"நீ என்னாம்மா பண்ணுவ. கேட்ட. நான் சொன்னேன்."

"கெளுத்தி மீன் வளக்கிறதுக்கு ஒரு கோர்ஸ் இருக்கு. உங்க பேரக் குடுக்கட்டுமா?"

ஜெனவீவ் அவளுக்குத் தேத்தண்ணீர் கலந்து கொடுத்தாள். "மீனுக்கு என்னாத்தப் போடுறது?" என்று மட்டும் கேட்டாள். ஷாமளா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் குடிக்காமல் இருந்தாள். போகும்போது சுழற்சி என்று எழுதிய பச்சைச் சட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.

பச்சை லாரி சில மாதம் ஒழுங்காக வந்தது. கடைகளுக்குப் பச்சைத் தோங்கு கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. மழை பிடித்ததும் உரக் கொட்டகையில் தண்ணீர் ஏறியது என்றார்கள். பிறகு திட்டத்தின் காலம் முடிந்தது என்றார்கள். லாரி நின்றது. தோங்குகள் மட்டும் சந்துகளில் நின்றன. மூடி மூடவில்லை. ஈ மொய்த்தது. குப்பை லாரிக்காரன் ஈரச் சோற்றை எடுக்க மாட்டேன் என்று முறைத்தான்.

ஜக்கரியாவின் கடைக்குக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. வேறு எங்கே போனாலும் அந்த மீன்தலைக் கறி கிடைக்காதே.

இஞ்ஞாசிமுத்து மோட்டாரை எடுத்தார். பலகைத் தொட்டியில் தோங்கு இல்லை. பழைய பால்மாவு டின் ஒன்று இருந்தது. மதியம் ஓய்ந்த நேரம் சந்துக்குள் நுழைந்து, எட்டவே நிறுத்தினார்.

ஜக்கரியா பின்கதவில் இருந்தார். மெலிந்திருந்தார். பச்சைத் தோங்கில் அன்றைய சோறு வழிய இருந்தது. மேலே மீன் தலைகள்.

"பாய்."

"என்ன முத்து. சுகமா."

"இருக்கேன்." டின்னைக் காட்டினார். "இந்த டின்னுக்குக் கொஞ்சம். வாத்துக்கு."

ஜக்கரியா டின்னைப் பார்த்தார்.

"வாத்துக்குத்தான் பாய். சத்தியமா. பட்டியப் பிரிச்சாச்சு. தகரத்தக்கூட வித்தாச்சு. வாத்து மட்டுந்தான் இருக்கு. ஆறு."

"தெரியும். தவுக்கே லாரி போனத ஹசன் பாத்தான்."

"அப்ப..."

சந்தின் முனையில் இரண்டு பேர் மோட்டாரை நிறுத்திச் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இந்தப் பக்கம் பார்த்தார்களோ இல்லையோ, ஜக்கரியா அவர்களைப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் வெள்ளை பாட்டில் இருந்தது, கடைத் தரை கழுவும் குளோராக்ஸ். மூடியைத் திருகினார். ஒரு பருக்கையை மிதித்தாலும் அடித்த வாப்பாவின் மகன், சோற்றின்மேல், மீன் தலைகளின்மேல், சுற்றி வளைத்து ஊற்றினார். நெடி மூக்கில் ஏறியது.

"தினமும் ஊத்துறேன்" என்றார், தோங்கைப் பார்த்தபடியே. "எங்கயும் போகலன்னு எல்லாரும் பாக்கணும்ல."

பாட்டில் காலியாகும்வரை இஞ்ஞாசிமுத்து நின்றார். பிறகு டின்னைத் தொட்டியில் வைத்தார். மோட்டார் இரண்டு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது.

பால் ஸ்டோரில் நிறுத்த வேலை இல்லை. இருந்தாலும் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. அங்கே வைத்திருந்த பழைய செருப்பு மழையில் ஊறிக் கிடந்தது. எடுக்காமல் வந்துவிட்டார்.

ஜெனவீவ் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பச்சைச் சட்டையைக் கிழித்துக் கரித்துணி ஆக்கியிருந்தாள்.

"என்னா சொன்னாரு? நம்பலையா?"

"நம்புனாரு."

"அப்புறம்?"

"அவரு மட்டும் நம்பி என்னா பண்றது."

மோட்டார் சத்தம் கேட்டு ஆறு வாத்தும் செம்பனைக்குள்ளிருந்து வரிசையாக ஓடி வந்தன. அவர் இறக்கி வைத்த டின்னைச் சுற்றி நின்று கத்தின. ஒன்று கழுத்தை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, தகரத்தைக் கொத்தியது.